வெந்நீர் விளாவியாயிற்றா

வெந்நீரை விளாவினோமா இல்லையா என்பது சுயம்புக்கனிக்கு ஞாபகமில்லை. குளியலறை நடுவில் சிவப்பு வாளி இருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. விளாவிய தண்ணீரிலும் ஆவி வரும், விளாவாததிலும் வரும். அடுப்பிலிருந்து அலுமினியப் பானையைப் பிடிதுணி போட்டுத் தூக்கி வந்தது ஞாபகமிருக்கிறது. வாளியில் சாய்த்தபோது முகத்தில் அடித்த சூடு ஞாபகமிருக்கிறது. அதற்குப் பிறகு குழாயைத் திறந்தோமா, தொட்டியிலிருந்து நாலு செம்பு பச்சைத் தண்ணீர் மொண்டு ஊற்றினோமா என்று பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த குழியில் நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி மனசு அங்கேயே போய்த் தடவிவிட்டு வந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் தவசிமுத்து இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்தோரு வயசு. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். நெஞ்சு ஒட்டிவிட்டது, தொடை சூம்பிவிட்டது, கழுத்துத் தோல் தொங்கிவிட்டது. கைகளுக்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை. நரம்பு புடைத்த, விரல் கணு பெருத்த, எதையாவது பிடித்தால் விடாத கைகள். அவை முட்டியின் மேல் இரண்டு பிராணிகள் மாதிரிப் படுத்துக் கிடந்தன. பகல் பதினோரு மணி வெளிச்சம் வென்டிலேட்டர் வழியாக வந்து அவற்றின் மேல் விழுந்தது. அவர் அவளைப் பார்த்து, "ஊத்துங்கம்மா, குளுருது" என்றார்.

விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும். ஒரு நொடி வேலை. ஆனால் கை போகவில்லை. விளாவியிருந்தால் பரவாயில்லை, விளாவியதைத்தான் மறந்திருக்கிறாள், அறுபத்திரண்டு வயசில் யாருக்கும் வருகிறதுதான். விளாவாமல் இருந்தால்? அப்போது மறந்திருக்கிறாள் என்று ஆகும். அல்லது மறக்கவே இல்லை என்று ஆகும். கொதிக்கக் கொதிக்கப் பானையைக் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறக்காமல், செம்பையும் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறவள் தெரிந்தேதான் நிற்கிறாள் என்று ஆகும். அவளை சுயம்புக்கனிக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக உள்ளுக்குள் குடியிருக்கிறவள். அம்மிக்குழவியைத் தூக்கி, தூங்குகிற தலையின் மேல் பிடித்துப் பார்த்தவள். பினாயில் பாட்டிலையும் காப்பி டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கண்ணால் அளந்தவள். அவளை இவ்வளவு காலமும் கட்டி வைத்திருந்தது இவளுடைய ஞாபகம்தான். பிள்ளைக்கு ஆறு மணிக்கு டியூஷன் விடும், தண்ணீர் லாரி வரும், நாளைக்கு உலை வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தியே அவளை உட்கார வைத்திருந்தது. இப்போது அந்தக் கட்டு அவிழ்ந்து போகிறதென்றால் அவள் எழுந்து வந்துவிட மாட்டாளா? செம்பை நேராகத் தலையில் கவிழ்க்க மாட்டாளா? தக்காளியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் தோல் தானாகச் சுருண்டு உரிந்து வருமே, அந்த வழுக்கைத் தலையில், அந்தக் காது மடலில், அப்படி உரிந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வயிற்றில் ஒரு சுகம் பரவியது. அந்தச் சுகத்தைக் கண்டுதான் பயந்தாள்.

போன வியாழக்கிழமையிலிருந்துதான் இந்தப் பயம். அதற்கு முன்னாலும் பால் பொங்கி வழிந்திருக்கிறது, சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். ஆனால் அதற்கெல்லாம் பெயர் இருக்கவில்லை. வியாழக்கிழமை மகள் சுபாஷினி லீவு போட்டு, கார் பிடித்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போனாள். மறதி நோய்க்கான பரிசோதனை, அது அவருக்குத்தான். டாக்டர் மெர்லின் என்று ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், சத்தம் போடாமல் பேசுகிறவள். மூன்று வார்த்தை சொல்லுவேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்று அவரிடம் சொன்னாள். எலுமிச்சை, சாவி, அப்புறம் ஒன்று. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது அவர் யோசித்து யோசித்துக் 'கப்பல்' என்றார். டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே, ஏதோ பேச்சுக்கு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள். சுயம்புக்கனி எலுமிச்சை என்றாள், சாவி என்றாள், வாயைத் திறந்தபடியே நின்றாள். மூன்றாவது வரவில்லை. வெட்கமாக இருந்தது, ஆறாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய மாதிரி. டாக்டர் நாற்காலியைத் திருப்பி, நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னாள், கழித்ததிலிருந்து மறுபடி ஏழு. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. அதற்குமேல் கணக்கு வேறெங்கோ வழுக்கிப் போனது. எதுவரை படித்தீர்கள் என்று கேட்டாள். ஆறாவது. ஏன் நிறுத்தினார்கள்? பெரியவளாகிவிட்டாள், நிறுத்தினார்கள். தம்பி படித்தான், அவன் இப்போது சென்னையில் என்ஜினியர், தொண்ணூறு வயசிலும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டிருப்பான்.

சுபா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினாள். இந்த நோய் உலகம் முழுக்க ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெண்கள் கூடுதல் வருஷம் உயிரோடு இருப்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் காரணமில்லை. படிக்க விடாதது, மனசு ஒடிந்து கிடப்பது, காது கேளாமல் போவது, பல வருஷம் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடப்பது எல்லாம் சேரும். சில நாடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கிறது, சில நாடுகளில் கொஞ்சம்தான், ஏன் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். அப்போது சுயம்புக்கனிக்கு ஒன்று தோன்றியது. கர்ப்பப்பை மாதிரி, பெண் உடம்பாலேயே வருகிற வியாதி என்றால் எல்லா ஊர்ப் பெண்களுக்கும் ஒரே மாதிரியல்லவா வர வேண்டும். ஊருக்கு ஊர் மாறுகிறதென்றால் அந்தந்த ஊர் பெண்ணை வைத்திருக்கிற விதத்தில்தான் ஏதோ இருக்கிறது. டாக்டர் கடைசியாக, "தலையில எப்பவாவது பலமா அடி பட்டிருக்காம்மா? மயக்கம் போட்டு விழுற மாதிரி?" என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தவசிமுத்து தலையைத் திருப்பி, பஸ்ஸில் யாரோ யாரிடமோ கதை சொல்வதைக் கேட்கிற மாதிரி, ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தார். "இல்ல" என்றாள் சுயம்புக்கனி. டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் இருந்தாள். அப்புறம் திறந்து எழுதினாள். தூக்கமின்மையாகவும் இருக்கலாம், அடுத்த மாதம் தனியாக வாருங்கள், முழுசாகப் பார்த்துவிடலாம் என்றாள். திரும்பி வரும்போது கார் வல்லநாடு தாண்டும்வரை அந்த 'இல்ல' நாக்கின் மேலேயே இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஏன் இல்லை என்றாள்? கேட்டால் இல்லை என்றுதான் வரும். பக்கத்து வீட்டு ஜன்னல் கேட்டபோது இல்லை, மாதாந்திரச் சீட்டுக்கு வந்தவள் கேட்டபோது இல்லை, தம்பி கேட்டபோது இல்லை, கதவில் இடித்துக்கொண்டேன், மாடிப்படியில் சறுக்கிவிட்டேன். வாய்க்கு அது பழகிவிட்டது. ஆனால் உள்ளே கணக்கு இருந்தது. முதுகில் விழுந்தது, வயிற்றில் விழுந்தது, கையைத் திருகியது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, தலைக்கு என்று மட்டும் பதினேழு. கல்யாணமான மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுப் பெண்களோடு துறைமுகத்தில் வெள்ளைக் கப்பல் வந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டு வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவர், கப்பலில் எவனைப் பார்த்தாய் என்று கேட்டு, முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அது ஒன்று. சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தது. இரண்டாவது தூக்குச்சட்டி, மூடியோடு, சாப்பாட்டோடு, இடது புருவத்துக்கு மேல். ரசம் சூடாக வடிந்ததா, ரத்தம் சூடாக வடிந்ததா என்று முதலில் தெரியவில்லை. மூன்று தையல். அப்பா செத்து பதினாறு நாளும் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதற்கு பீரோ. இரும்பு பீரோவின் வலது கதவில் இன்றைக்கும் அந்தப் பள்ளம் இருக்கிறது. பீரோ பள்ளமாகிற அளவுக்கு மோதினால் தலைக்குள் இருக்கிறது என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. இடது காதில் விழுந்த அறை ஒன்று, அதிலிருந்து அந்தக் காதில் கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்தான், பேச்சு வராது. கதவு நாதாங்கி. குக்கர் மூடி. தொட்டில் கம்பு. ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, துடைத்து, மறுபடி வைப்பாள். அதுதான் அவள் பூஜை. ஏன் என்றால் அவர் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. மூளை சுருங்கச் சுருங்க, தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே போட்டுவிட்டு, பாவமே செய்யாத பாலகனாகி உட்கார்ந்திருக்கிறார். இப்போது உலகத்தில் இதெல்லாம் நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அவளுக்கும் போய்விட்டால்? எலுமிச்சை, சாவி, அதற்கப்புறம் இருட்டு என்று ஆகிவிட்டால்? அப்போது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அடித்தவனுக்கும் தெரியாது, அடிபட்டவளுக்கும் தெரியாது. அடித்து அடித்து, அடித்ததற்கான சாட்சியையும் அவனே அழித்துவிட்டான். இதைவிடச் சாமர்த்தியமான கொலை உண்டா. மனசுக்குள் அவர் எப்போது அவன் ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. செம்பின் காது உள்ளங்கையில் அழுந்தியது.

"ஊத்துங்க" என்றான் அவன் மறுபடி. இந்த 'ங்க' ஒன்றரை வருஷமாகத்தான். அதற்கு முன்னால் ஏட்டி, மூதி, நாயே. அவள் யார் என்பது போனதும் மரியாதை வந்துவிட்டது. காலையில் காப்பி கொடுத்தால், ரொம்ப நல்லதும்மா, உங்க வீடு எங்கன இருக்கு என்று கேட்பான். அவள் இந்த வீடுதான் என்றால், அப்படியா, தனியாவா இருக்கீங்க என்று வருத்தப்படுவான். முதல் தடவை அந்த 'நீங்க' காதில் விழுந்தபோது அவள் அடுக்களைக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். புருஷன் மனைவியிடம் இப்படிப் பேசலாம் போலிருக்கிறது என்று அழுதாள். ஆனால் சாயங்காலமானால் அதே கை வீசும். சட்டையைக் கழற்ற வந்தவளைத் திருடி என்று நினைத்து மூக்கில் குத்தும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு ஒருநாள் ரத்தம் வடிய டாக்டரிடம் போனில் சொன்னபோது, அது நோய்ம்மா, அவர் இல்லை, மனசுல வச்சுக்காதீங்க என்று அவள் இதமாகச் சொன்னாள். சரி, இது நோய். அந்த நாற்பது வருஷம் எது? அப்போது இருந்தது எந்த நோய், அதற்கு எந்த ஆஸ்பத்திரி, அதற்கு ஏன் ஒருத்தரும் அவர் இல்லை என்று சொல்லவில்லை? துறைமுகத்தில் முப்பது டன் கன்டெய்னரை ஒரு நூல் பிசகாமல் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கத் தெரிந்த கை அது. அவ்வளவு நிதானம் உள்ள கை. அது வீட்டுக்கு வந்ததும் நிதானம் தவறியது என்று சொன்னால் யார் நம்புவது. எங்கே இறக்க வேண்டும் என்று அதற்கு எப்போதும் தெரிந்திருந்தது.

வாளியின் ஆவி அவன் முகத்தில் பட்டு, மூக்கு நுனியில் முத்து முத்தாக நின்றது. அவன் குனிந்து, தலையை நிமிர்த்தி, அவளை உற்றுப் பார்த்தான். பார்வை நெற்றியில் போய் நின்றது. இடது புருவத்துக்கு மேலே. வலது கையைத் தூக்கினான். அவள் உடம்பு முழுக்க இறுகியது, கண் தானாக மூடியது. ஆனால் விரல்தான் வந்தது, ஒற்றை விரல், ஈரமாக, குளிர்ந்து, அந்த மூன்று தையல் தழும்பின் மேல் மெதுவாகப் போனது. "இது என்ன காயம்?" என்று கேட்டான். "அடிச்ச காயம் மாதிரில்லா இருக்கு. எவன் அடிச்சான்?" குரல் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. "சொல்லுங்கம்மா. எவன்னு மட்டும் சொல்லுங்க. பொம்பளைய கை நீட்டுற பயல, அவன் கைய முறிச்சு அடுப்புல வச்சிருதேன்." அந்தக் கோபம் நிஜம். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. யாரோ ஒரு அந்நியப் பெண்ணுக்காக அவன் கண்ணில் தண்ணீர். நாற்பது வருஷம் அவள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாளோ என்னவோ, வேறு எவன் வாயிலிருந்தாவது வரும் என்று, தம்பி வாயிலிருந்து, மாமனார் வாயிலிருந்து, தெருவில் ஒருத்தன் வாயிலிருந்தாவது. வந்தது பார், எவன் வாயிலிருந்து வந்தது பார். தொண்டைக்குள் இருந்த அந்த 'இல்ல' உருண்டு வெளியே வந்தது, ஆனால் வெளியே வந்தபோது அது வேறு வார்த்தையாக இருந்தது. "நீங்கதான்" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். புரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறக்கிறது, அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறது, பீரோ இருக்கிறது, அவள் முடி இருக்கிறது, இதோ தெரியப்போகிறது, தெரிந்தால் ஒரே ஒரு நிமிஷம் தெரிந்தால் போதும், ஏன் என்று கேட்டுவிடலாம். அவன் சிரித்தான். "நல்லா சொன்னீங்க போங்க. நான் பொம்பளைய தொட்டு அடிச்சதே கிடையாது. எம் பொண்டாட்டிட்ட வேணா கேளுங்க" என்றான். சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்கிற மாதிரி, கண்ணை இறுக்க மூடி, தலையைக் கவிழ்த்து, தண்ணீருக்கு வாகாகக் கொடுத்தான். உச்சி வழுக்கை அவளுக்கு நேராக வந்து நின்றது. அதில் மச்சம் ஒன்று. செம்பு வாளிக்குள் போய் நிறைந்து வந்தது. ஆவி மணிக்கட்டைச் சுற்றியது. பொண்டாட்டியிடம் கேட்க வேண்டுமாம். கேள், இதோ கேள், இவள்தான். ஒரு செம்பு. தக்காளித் தோல். அலறினால் தெருவுக்குக் கேட்கும், கேட்கட்டும், அவள் அலறியது கேட்காத தெருதானே. மறதிக்காரி, விளாவ மறந்துவிட்டாள், பாவம், ஆஸ்பத்திரியில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள், மூன்றாவது வார்த்தை அவளுக்கு வரவில்லை என்று. யாரும் குற்றம் சொல்ல முடியாது. இதுவரை வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். மறதியில் ஊற்றியதாக ஆகிவிடுமே. நாற்பது வருஷத்துக்கும் சேர்த்து அவள் செய்யப்போகிற ஒன்றே ஒன்று, அதுவும் அவள் செய்ததாக இருக்காதே, வியாதி செய்ததாக அல்லவா இருக்கும். அவனுக்கு நோய், அவளுக்கும் நோய், யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டும் கழிந்துவிடுமே. தெரியாமல் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தெரிந்து ஊற்ற வேண்டும். அவள் செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு, இடது கையை வாளிக்குள் மணிக்கட்டு வரை விட்டாள்.

விளாவவில்லை.

சூடு என்று தெரிவதற்கு முன்னால் குளிர் மாதிரித்தான் இருந்தது. அப்புறம் கை முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. அவள் போட்ட சத்தம் அவளுடையது மாதிரியே இல்லை. வலது கை செம்பைச் சுவரில் வீசியது, கொதிநீர் சுவரில் அடித்துத் தெறித்தது. அந்த அலறலைக் கேட்டதும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. யோசிக்கவில்லை. வலது கை மட்டும் முட்டியிலிருந்து எழுந்தது. அவள் அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்கு ஞாபகமிருந்தது. பெயரை மறந்த, ஊரை மறந்த, மகளை மறந்த உடம்பில் அந்த ஒன்று மட்டும் ஒரு நூல் பிசகாமல் இருந்தது. குத்து வந்து கன்னத்தெலும்பில் இறங்கியது. அவள் பின்னால் சாய்ந்து வாளியை உதைத்துக்கொண்டு விழுந்தாள். வெந்நீர் தரையோடு புகைந்துகொண்டு அவன் காலை நோக்கி ஓடியது. அவன் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, ஆத்தா, ஆத்தா என்று கூப்பிட்டான். தண்ணீர் நாற்காலிக்கு அடியில் சுற்றிவிட்டு ஜலதாரைக்குள் போனது. ஒரு சொட்டு அவன் மேல் படவில்லை. அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்தாள். கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியைப் போட்டாள். போட்டுவிட்டுக் கதவில் முதுகை வைத்தபடி சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். மனசுக்குள் யாரோ நிதானமாக, பதினெட்டு என்றார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. சுபாஷினி வந்ததும் தெரியாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, சனிக்கிழமை அரைநாள்தான், நேராக இங்கே வந்துவிடுவாள். முப்பத்தெட்டு வயசு, அம்மாவின் உயரம், அப்பாவின் கை. வந்தவள் பையைப் போட்டுவிட்டு, அம்மாவைத் தூக்கி அடுக்களைக் குழாயடியில் நிறுத்தி, வெந்த கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். கை பின்புறம் முழுக்கத் தோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. கன்னம் வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது. சுபா தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "கைய அப்பாவா முக்குனாங்க?" என்று கேட்டாள். இல்லை, நானேதான் என்றாள் சுயம்புக்கனி. வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மை. சுபா நம்பவில்லை என்பது அவள் தாடை இறுகியதில் தெரிந்தது. இவ்வளவு காலமும் பொய்யை நம்புகிற மாதிரி இருந்தவள், உண்மையை நம்பவில்லை. சுயம்புக்கனிக்குச் சொல்ல வேண்டும் போல ஆயிற்று. இப்போதே, எல்லாவற்றையும், வெள்ளைக் கப்பலிலிருந்து, கீழே விழுவதற்கு முன்னால் இன்னொரு கையில் கொடுத்துவிட வேண்டும் போல. தண்ணீர் கையில் விழ விழ அவள் சொன்னாள். சுவர், தூக்குச்சட்டி, பீரோ, காது. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள். திங்கட்கிழமை போன் போட்டு நான் சொல்லிவிடுகிறேன் என்றாள் சுபா. வேண்டாம், நானே சொல்லுவேன் என்றாள் சுயம்புக்கனி. பிறகு, "தலைக்கு மட்டும் பதினேழு. இன்னைக்கோட பதினெட்டு" என்றாள்.

சுபா குழாயை மூடவில்லை. "பத்தொம்பது" என்றாள்.

சுயம்புக்கனி திரும்பிப் பார்த்தாள். சுபா அவள் முகத்தைப் பார்க்காமல், வெந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் இருந்ததே, அது ஏன் வீட்டை விட்டுப் போனது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். பழசாகிவிட்டது, கொடுத்துவிட்டோம் என்றாள் சுயம்புக்கனி. சொல்லும்போதே அந்த மெஷினை யாருக்குக் கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று தேடினாள். பெடல் தெரிந்தது, மரப்பலகை தெரிந்தது, அதற்குமேல் இல்லை. அந்த இடத்தில் சுவர்கூட இல்லை. குழாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும் வலது காதில் பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்திருந்த அலமாரியில் ஒன்று இல்லவே இல்லை, இல்லாததே தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இது இப்போது போனதா, அப்போதே போனதா? வியாதி தின்றதா, அந்த அடியே தன்னைத் தின்றுவிட்டுப் போனதா? சுபா சொன்னாள், "எனக்கு ஏழு வயசு. அப்பா மெஷினப் பலகையோட தூக்கி உன் தலையில எறிஞ்சாங்க. நீ மறுநாள்தான் கண்ணு முழிச்ச. முழிச்சு என்னைப் பாத்து, யாரு வீட்டுப் பிள்ள நீன்னு கேட்ட. ரெண்டு நாளு என்னைத் தெரியல உனக்கு. நானே சோறு வடிச்சேன். கஞ்சி கொடுத்தேன். மூணாம் நாளு சுபான்னு கூப்பிட்ட. நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. சொன்னா மறுபடி மறந்துருவியோன்னு பயம்."

குளியலறைக்குள்ளிருந்து அவன் கதவைத் தட்டினான். குளுருது, யாராவது இருக்கீங்களா, அம்மா, டீச்சர், யாராவது. முதலில் மெதுவாக, பிறகு குத்தினான். நாதாங்கி குதித்துக் குதித்து விழுந்தது. சுபா திறக்கப் போகத் திரும்பினாள். அவளுக்கும் அது பழக்கம். சுயம்புக்கனி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்த பிடியில் சுபாவின் கைவளையல் அழுந்தித் தோலில் பதிந்தது.

"இரி. முதல்ல இருந்து சொல்லு," என்றாள். "நான் என்ன சேலை உடுத்திருந்தேன்?"

"ஊதா" என்றாள் சுபா. "வெள்ளப் பூப் போட்டது." பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வாசலுக்கு வந்தபோது செருப்பு ஒன்று தெருவில் கிடந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சுயம்புக்கனி தலையைச் சாய்த்து, கேட்கிற காதை மகளின் வாயருகே கொண்டுபோனாள். குளியலறைக் கதவில் குத்து விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சமயத்தில் அது நின்றுபோனது. ஏன் நின்றது என்று இரண்டு பேரும் போய்ப் பார்க்கவில்லை.